வடிகுழாய்

ஜெலுத்தோங் பட்டறையில் இரவு மணி பதினொன்று.
ஜாக்கின் மேல் சத்ரியா.
அட்டை விரித்து அதனடியில் மல்லாந்திருக்கிறேன்.
நெற்றியில் விழுகிறது ஒரு சொட்டு,
கறுப்பாய், இன்னும் சூடாக.

லிங்கேஸ்வரனின் காடி.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் பார்த்துச் சேர்த்த வெள்ளியை
உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புச் சங்கில் போட்டவன்.
நிமிடத்துக்கு லட்சம் சுற்று சுற்றும் சங்கு.
பாலிக் பூலாவ் மலை வளைவுகளில்
நீலமாய்ப் புகைக்கிறது என்று
மூன்றாம் முறையாக வந்திருக்கிறான்.

முதல்முறை, சீல் போயிருக்கும் என்றேன்.
இரண்டாம் முறை,
ஜப்பான் பாதிவெட்டுச் சரக்கு தம்பி, நம்பக்கூடாது என்று சொல்லி
புது கார்ட்ரிட்ஜ் மாற்றினேன்.
ஆயிரத்து நூறு வெள்ளி.
அவன் எண்ணிக் கொடுத்தான்.
நான் எண்ணாமல் வாங்கினேன்.
கழற்றிய பழசு என் மேசையில்
பில்களின் மேல் பாரமாக உட்கார்ந்தது.

டர்போவுக்குள் போகும் எண்ணெய்க்குப் பம்பு உண்டு.
உறிஞ்சுகுழல் தடிமனில் ஒரு குழாய்,
வாயில் ஊசித் துளை.
வளைத்தாலும் போகும், ஏற்றத்திலும் போகும்,
பின்னால் தள்ளுகிற ஒருவன் இருக்கிறான்.
தண்டைச் சுற்றி அடிபட்டு வெளியே விழும்போது
அது பாதி நுரை,
இழுத்து ஆற்றிய தே தாரேக் போல.
இனித் தள்ள யாருமில்லை.
தன் எடையில்தான் வீடு திரும்ப வேண்டும்.
கட்டைவிரல் நுழையும் அகலம்,
சாய்ந்தாலும் மேலேறாத பாதை,
சம்ப்பில் எண்ணெய் நிற்கும் மட்டத்துக்கு மேலே ஒரு வாசல்.
அது கேட்பது இவ்வளவுதான்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்க்கிறேன்.
எஃகுப் பின்னல் போட்ட பளபள ஹோஸ்.
எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பயந்து விலகி,
குறுக்குச் சட்டத்தின் அடியில் நுழைந்து
அங்கே கொஞ்சம் தொய்ந்து
பிறகு ஏறிப் போய்ச் சம்ப்பைத் தொடுகிறது.
சுண்டுவிரல் அளவுத் தொய்வு.
அதில் நுரை தங்குகிறது.
தங்கியது பின்வாங்கி,
சீலைத் தாண்டி, சூட்டில் விழுந்து
மலைச்சாலையில் பின்னால் வருகிறவர்களின்
கண்ணைக் கரிக்கிறது.

ஹோஸைப் போட்டது யார் என்று கேட்கலாம்.
கிளிப் தலையில் இருக்கும் கீறல்
முனை உடைந்த ஒரு திருப்புளியின் கீறல்.
அந்தத் திருப்புளி இப்போது என் பின்பாக்கெட்டில் குத்துகிறது.
போட்ட அன்று, என்ன அழகு என்று
படம்கூட எடுத்தேன்.

சம்ப்பைக் கழற்றி, மூன்று தடவை கழுவி
பக்கத்துக் கடை ஆ கியோங்கை எழுப்பினேன்.
திட்டிக்கொண்டே பழைய துளையை அடைத்து
இரண்டு விரல் மேலே புதிய வாயைப் பற்றவைத்தான்.
டர்போவின் நட்டுகளைத் தளர்த்தி
நடுவயிற்றைக் கொஞ்சம் திருப்பினேன்,
எண்ணெய் இறங்கும் வாய் தரையைப் பார்க்கும்வரை.
முன்பைவிடப் பாதி நீளம் ஹோஸ் போதும்.
பளபளப்பு இல்லாத கறுப்பு ரப்பர், மேலே சூட்டுறை.
மாட்டுவதற்குமுன்
மேல்முனையில் ஒரு கோப்பி டம்ளர் எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன்.
நிற்கவில்லை, திக்கவில்லை,
ஒரே மூச்சில் இறங்கிப் போனது.

காலை ஏழரைக்கு
தொழிற்சாலைச் சட்டையோடு வந்தான்.
பானட்டின் மேல் கவரை வைத்தேன்.
"என் தப்பு. டர்போவில் ஒன்றுமில்லை."
உள்ளே ஆயிரத்து நூறு, இரண்டு முறை எண்ணியது.
அவனும் எண்ணினான், மெதுவாக,
எச்சில் தொட்டு.

"அப்ப அந்தப் பழசு நல்லாத்தான் இருந்துச்சா?"
"ம்."
"எங்கே அது?"

மேசையைக் காட்டினேன்.
அலுமினியச் சக்கரத்தை விரலால் சுண்டினான்.
சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.
"இதையும் எடுத்துக்கிறேன், வாங்க ஆள் இருக்கு" என்று
பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மின்விசிறி என் பக்கம் திரும்பியது.
பில்கள் எல்லாம் எழுந்து பறந்தன.