பக்கத் திரை

நாற்பத்தொரு மேடையிலும்
ஆவுடையை நான் பக்கவாட்டில்தான் பார்த்தேன்.
இடது காது, இடது தோள்,
சேலைக்குள் கட்டிய அரிசியால்
முன்தள்ளிய வயிறு.
வசனம் எடுத்துக்கொடுப்பவனுக்கு
அவ்வளவுதான் தெரியும்.

தென்காசியில் இரண்டாம் ஆட்டம்.
திரை முழுக்க அவள் முகம் வந்தபோது
தெரியாத வீட்டுக் கதவைத்
தட்டாமல் திறந்துவிட்டதுபோல் கூச்சம்.

படத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வயது.
நிஜமாகவே கர்ப்பம்.
புளியரைச் சோதனைச் சாவடியில்
மழை அவளுக்கென்றே பெய்கிறது.
எங்கள் ஆவுடைக்கு நாற்பத்தாறு.
“இந்த வயசுல எத்தனாவது மாசம்?”
வேலப்பன் கேட்டதும்
பெண்கள் பக்கம்தான் முதலில் சிரிக்கும்.
படத்தில் அந்த வரிக்கு இடமே இல்லை.

வேலப்பனுக்கு ஒரு ஜீப் கொடுத்திருக்கிறார்கள்,
ஒரு மனைவி, செத்துப்போன ஒரு குழந்தை.
பதின்மூன்று கண் பாலத்தில் யாரையோ துரத்துகிறான்.
எங்களிடம் ஒரு ஸ்டூல் இருந்தது,
ஒரு கால் ஆடும்.
பகலெல்லாம் ஆரியங்காவில் லாட்டரிச் சீட்டு விற்றுவிட்டு
அதே வியர்வையோடு சிவதாணு
காக்கிச் சட்டைக்குள் நுழைவான்.

அவள் வயிற்றில் அவன் காது வைக்கும் இடம்.
“பிள்ளை அசையுதோ?” என்று கேட்க வேண்டும்.
மூன்றாவது மேடையில் மறந்துபோனான்.
என் கையில் தாள். நாக்கு நுனியில் வரி.
கொடுக்கவில்லை.
அரிசி சரசரத்தது
கடைசி பெஞ்சுவரை கேட்டதாம்.
மறுநாள் அந்த வரியைப்
பென்சிலால் அடித்தேன்.

படத்தில் அந்த இடத்தில் வயலின்.
பொய் சொல்லக் கூடாது,
எனக்கும் தொண்டை அடைத்தது.
பிறகு முடிச்சு அவிழ்ந்து
அரிசி மெதுவாக, மிக மெதுவாகக் கொட்டியது.
நீள நீளமாய், பிரியாணி அரிசி.
விசில் அடித்தார்கள்.

திரையில் வேலப்பன் அவளை விட்டுவிடுகிறான்.
நாளைக் காலை ஆட்டத்திலும் விடுவான்,
மேட்னியிலும்.
சிவதாணுவை அப்படி நம்ப முடியாது.
கழுதுருட்டியில் ஒரு ராத்திரி
சீட்டுக்கட்டு மழையில் ஊறிப்போன கோபமோ என்னவோ,
ஸ்டூலை வழியில் போட்டு உட்கார்ந்து
“இன்னைக்குப் போக முடியாது” என்றான்.

தாளில் அது இல்லை.

ரெஜினா என் பக்கம் திரும்பினாள்,
அடுத்த வரி கேட்டு.
இரண்டு கண்ணும், நெற்றியும்,
உதட்டுக்கு மேல் வியர்வையும்.
நாற்பத்தொரு மேடை என்றேனே,
நாற்பது என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.
அவளே இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள்.
கால் ஆடும் ஸ்டூலடியில்
பழுப்பேறிய ரேஷன் அரிசி குவிந்தது.
வேலப்பன் பார்த்தான்.
இறங்கிக் குத்தவைத்தான்.
ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தான்.
இன்னொன்று.
அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
திரை இழுப்பவனும் நான்தான்.
கயிறு எங்கே இருக்கிறதென்று
கை தேடிக்கொண்டிருந்தது.