ஒரு மீட்டருக்குக் குறைவானவை

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் தெரிந்து வைத்திருப்பதே என் பிழைப்பு;
கால் இதுவரை நனைந்ததில்லை.

போர்ட் லூயியில் கிளம்பித் தீவைச் சுற்றி
மாயேபூர்க்குக்கு நேர் கிழக்கே நிற்கிறோம்.
கப்பலின் வயிற்றில் ஜன்னலில்லாத அறை,
ஏசி, ஆறிப்போன வனிலாத் தேநீர்.
கப்பல் கீழே ஒலியை எறியும்,
தரை திருப்பித் தரும்.
போன நேரம் வந்த நேரம் கணக்குப் பார்த்தால்
திரையில் ஒரு மலை முளைக்கும்,
மலைக்குக் கீழே படிமேடை, அதற்கும் அப்பால்
நாலாயிரத்தில்
ஃபராட்டா போலத் தட்டையான சமவெளி.

என் வேலைக்குப் பெயர் சுத்தம் செய்தல்.
அலையின் நடுக்கம், மீன்கூட்டம், எந்திர இரைச்சல்,
அவற்றோடு
ஒரு மீட்டருக்குக் குறைவான எந்தப் புடைப்பும்:
அழித்துவிடு.
விதி எழுதியவர்களுக்கு வேண்டியது மலையின் வடிவம்,
மலைமேல் கிடப்பது அல்ல.
இப்படித்தான் நான் தினமும் கடலைச் சுத்தம் செய்கிறேன்,
நாற்காலியை விட்டு எழாமல்.

ஆறு கடலில் முடியும் என்று படித்தோம் இல்லையா,
அது பாதிக் கதை.
ல ஷோ ஆறு பாலத்தடியில் நுழைந்து
பவளத்திட்டின் வாசலைக் கடந்து
சரிவில் விழுந்து
செத்த எரிமலையின் விலாவை அறுத்துக்கொண்டு
தூக்கத்தில் நடப்பவனைப் போல
இன்னும் கீழே போகிறது.
வரைபடத்தில் அந்தப் பள்ளத்தாக்குக்கு எண் மட்டும் உண்டு.
பெயர் வைக்கக் குழு கூட வேண்டும்.

பதினொன்றாம் நாள் ழெரார்
கேமராவைக் கம்பியில் கட்டி இறக்கினான்.
ஆயிரம். ஆயிரத்து எண்ணூறு.
இரண்டாயிரத்து நூற்றுப் பத்தில்
விளக்குப் பட்ட இடமெல்லாம் சலித்த மாவாய் வண்டல்,
அதில் ஒரு கடல் வெள்ளரி ஊர்ந்த தடம்.
தடம் ஓரிடத்தில் வளைந்து
எதையோ சுற்றிப் போயிருந்தது.

கடைப்பை.
நீலம் வெளுக்கவில்லை.
வெயிலே இல்லாத ஊரில் எது வெளுக்கும்?
மடிப்புக்கு வெளியே பாதிப் பெயர்: மூகம்.
மூகம் என்றால் ஊமை என்பது
அந்தக் கப்பலில் எனக்கு மட்டும் தெரியும்.
நீரோட்டம் லேசாகப் புரட்டியது: ஆர்மூகம்.
ஆறுமுகமாகக் கப்பல் ஏறி
குமாஸ்தாவின் பேனாவில் இடறி
ஆர்மூகமாகக் கரை இறங்கிய
எத்தனையோ பேரில் ஒருவர் வம்சத்துக் கடை.
கீழே கைபேசி எண், ஏழு இலக்கம்;
முன்னால் ஐந்து சேர்க்கச் சொன்னதற்கு முந்தைய காலம்.

"ஏதாவது உண்டா?" மேல்தளத்திலிருந்து குரல்.
படிவத்தில் பாறை, மணல், வண்டல், உயிர்.
வண்டல் என்று குறித்தேன்.
இன்னும் கொஞ்ச காலம் போனால் அது பொய்யும் இல்லை.

அன்றிரவு என் பழைய கோப்பைத் திறந்து
அதே இடத்தைத் தேடினேன்.
வழவழவென்று இருந்தது.
என் கைவேலை. பாராட்டுக் கிடைத்த பகுதி.

கரைக்கு வந்த சனிக்கிழமை
ஐந்தைச் சேர்த்து அழைத்தேன்.
மணி அடித்தது; அதை நான் எதிர்பார்க்கவில்லை.
"ஆலோ?"
பின்னால் குக்கர் விசில், குழந்தைகளின் கார்ட்டூன்.
கடை திறந்திருக்கிறதா என்றேன் கிரியோலில்.
சிரித்தார்.
மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது மாதாம்,
பக்கத்தில் சூப்பர்மார்க்கெட் வந்தது, போதாதா?
யார் கொடுத்தார்கள் இந்த எண்ணை?

உங்கள் பையில் இருந்தது.

பையா! எங்கே கிடைத்தது?

ஆழத்தைச் சொல்லியிருக்கலாம்.
ஆழம் சொல்லத்தானே சம்பளம்.
மாயேபூர்க்கிலிருந்து கொஞ்சம் தள்ளி, என்றேன்.

"அப்போதெல்லாம் நல்ல பையாகப் போடுவோம்,"
குரலில் அப்படியொரு பெருமை,
"ஐந்து கிலோ அரிசி வைத்தாலும் கிழியாது."

ஆமாம் என்றேன்.
கிழியவில்லை.