நன்கு கலந்தது எனக் கொள்க

என்றுதான் தொடங்கினேன்.
பாடப்புத்தகங்கள் அப்படித்தான் தொடங்கும்.
தொட்டிக்குள் எதுவும் எதையும்
ஒரே சீராகச் சந்திக்கும்.
மூலை இல்லை, கரை இல்லை,
யாரும் யாரிடமிருந்தும் ஒதுங்கி நிற்க முடியாது.

வெளியே சாஸ்கட்டூனில் ஜனவரி.
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தெட்டு.
சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய்வாயருகே மட்டும்
ஆறு உறையாமல் கிடக்கிறது.
அந்தக் கையகல நீரில்
தெற்கே போக மறந்த எட்டு வாத்துகள்.

உள்ளே நாலாயிரம் லிட்டர் சோதனைத் தொட்டி.
அதில் பதினாலு இனம்.
உண்மையில் ஆயிரம் இருக்கும்;
என் கணினிக்கும் மானியத்துக்கும்
பதினாலுதான் தாங்கும்.

பதினாலுக்குப் பதினாலு ஓர் அணி.
ஒன்று வளர மற்றொன்று உதவினால் கூட்டல் குறி,
கெடுத்தால் கழித்தல்.
பூச்சியம் போட்டால்
ஒன்றையொன்று தெரியாது என்று பொருள்.
அல்லது (வெளியே சொல்லாதீர்கள்)
நாங்கள் அளக்கவில்லை என்று பொருள்.
நூற்றுத் தொண்ணூற்றாறு கட்டங்களில்
நூற்றிருபது பூச்சியம்.

ஏழாவது இனம் அம்மோனியா தின்னும்.
குளிரில் சோம்பும்.
ஒன்று இரண்டாக மூன்று நாள் வேண்டும் அதற்கு.
தண்ணீரோ இரண்டே நாளில்
தொட்டியைக் கடந்துவிடுகிறது.
பிள்ளை பெறுவதற்குள்
வீட்டையே வெள்ளம் கொண்டுபோகும் கதை.
பதினொன்றாம் நாள் ஏழு இல்லை, என்றது வளைகோடு.
அதன் மிச்சத்தை உண்ணும் ஒன்பதும் பன்னிரண்டும்
அடுத்த வாரம் பின்னாலேயே போகும்.
திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன்.
எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

பதினொன்றாம் நாள் ஏழு இருந்தது.
பதினைந்தாம் நாளும்.
இருபதாம் நாள் மாதிரிக் குப்பியை நான்
மூன்று முறை கழுவிவிட்டுப் பார்த்தேன்.
இருந்தது, கூச்சமே இல்லாமல்.

இரவுப் பணியில் ஒலேனா ஹ்ரைசுக்,
இருபத்தாறு வயது, வேலைக்கு வந்து இரண்டாம் ஆண்டு.
என் திரையை எட்டிப் பார்த்தாள்.
காதுவரை சிவந்தாள்.
"சுரண்டியின் கைப்பிடி டிசம்பரில் உடைந்துபோனது.
புதிதுக்கு எழுதிக் கொடுத்தேன், வரவில்லை.
நானும் நினைவுபடுத்தவில்லை.
வெள்ளிக்கிழமைதோறும்
சுவரைச் சுரண்டியதாகப் பதிவேட்டில் மட்டும்..."

டார்ச் அடித்தாள்.
தொட்டிச் சுவர் முழுக்க
நகக்கண் கனத்துக்குப் பழுப்புப் பாசம்.
அதில் குடியிருந்தது ஏழு.
வெள்ளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு,
போனதைக் கணக்கு வைக்காமல்,
அடுத்ததைப் பெற்றுக்கொண்டு.

சுவர் இருந்தால்தானே சித்திரம் என்பார்கள்.
நான் பதினாலு நிறத்தில் சித்திரம் எழுதிவிட்டுச்
சுவரை மறந்திருந்தேன்.

அன்றிரவே பதினைந்தாவது சமன்பாடு.
ஒட்டும் வேகம், உதிரும் வேகம், இரண்டு மாறிலிகள்.
ஒரே பக்கம் சாய்ந்து கிடந்த எச்சம்
படிந்து சுருங்கியது,
மூன்று சதவீதத்துக்கு வந்து
அங்கேயே நின்றுவிட்டது.

அந்த மூன்று என்ன என்று கேட்கிறார்கள்.
கருவிப் பிழை என்று எழுதலாம்.
பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவோம்.
ஆனால் எனக்கு எச்சம் என்ற சொல்
முதலில் கணக்கில் வரவில்லை,
ஒன்பதாம் வகுப்பு இலக்கணத்தில் வந்தது:
முடியாத சொல்,
தன்னை முடித்துவைக்க இன்னொன்றைத் தேடுவது.

நேற்றுப் புதுக் கைப்பிடி வந்துவிட்டது.
சுரண்டட்டுமா என்கிறாள் ஒலேனா,
பதிவேட்டை இந்த முறை திறந்தே வைத்துக்கொண்டு.
பாதியை மட்டும், என்றேன்.
சரியான விடையா, தெரியாது.
சுவரின் மறுபாதியில் அது
இந்நேரம் ஒட்டி,
பிரிந்து,
உதிர்ந்து,
மீண்டும் வந்து