உலர்ந்த சட்டை

தங்கச்சிமடம் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம்.
ஆறாம் வகுப்புப் பெஞ்சில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.
கையில் பட்டை இறுகித் தளர்ந்தது.
மெஷின் காட்டிய எண்ணை
நர்ஸ் முனீஸ்வரி இரண்டு தடவை பார்த்தாள்.

பீடி?
கரையில் ஒரு கட்டு. கடலில் கணக்கில்லை.
உப்பு?
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்பா எப்படி இறந்தார்?

கடலில், என்றேன்.
முப்பது வருசமாய் அதுதான் பதில்.

மூழ்கியா?

பேனா காத்திருந்தது.

குருசடைத் தீவு தாண்டும்போது
இடது தோளைப் பிசைந்துகொண்டே
"வாயுடா" என்று சுக்கு கேட்டாராம்.
வலைக் குவியலில் சாய்த்துக் கொண்டுவந்தார்கள்.
இதே வகுப்பிலிருந்து என்னைக் கூட்டிப்போனார்கள்.
நான் முகம் புதைத்த சட்டை
உலர்ந்திருந்தது.
பாக்கெட்டில் தீப்பெட்டி.
உரசியிருந்தால் பற்றியிருக்கும்.

நாற்பத்து மூன்று, என்றேன்.
என் வயது படிவத்தின் தலையிலேயே இருந்தது:
நாற்பத்தொன்று.

வேறு யாராவது, ரத்த உறவில்?
சித்தப்பா. குவைத்தில்,
வெயில் தாங்காமல்...
சொல்லும்போதே நினைவு வந்தது,
பெட்டி வந்த வாரம்
கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கட்டத்தில் டிக் போட்டாள்.
சின்னச் சத்தம்தான்.

வெளியே வந்து இன்னாசிக்கு போன் போட்டேன்.
விடிந்தால் கடலுக்கு, டோக்கன் வாங்கியாச்சு என்றான்.
பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.
தம்பிக்கு முப்பத்தாறு.

ஐஸை அப்புறம் அள்ளலாம்.
முகாம் நாலு மணி வரைக்கும்தான்,
வந்து கையை நீட்டுடா.