நாலாவது தந்தி

பன்னிரண்டா பதின்மூன்றா என்று
வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தேன்.
எனக்குத் தொழில் துரு.
காரைக்குடி ஆய்வகத்தில்
உப்புத் தண்ணீரில் இரும்பைத் தொங்கவிட்டு
எத்தனை மில்லிகிராம் செத்தது என்று
எழுதி வைக்கிற வேலை.
ஆள் இல்லாத ஒரு மதியம்
போன தடவை கழற்றிய தந்திகளையும் தராசில் வைத்தேன்.
ஆறு சனிக்கிழமை வாசித்ததில்
எடை குறையவில்லை, கூடியிருந்தது.
அழுக்கு. என் விரல் வேர்வை.
கானாடுகாத்தான் ஓட்டல் விருந்தின் நெய்.

வயிறு வளைந்த கிடார்.
நெஞ்சில் வயலினுக்கு இருப்பதுபோல் இரண்டு துளை.
பாலத்தை ஒட்டவில்லை,
தந்தி அழுத்தித்தான் நிற்கிறது.
மொத்தமாகக் கழற்றினால் இடம் மறந்துவிடும்.
ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்ட வேண்டும்,
ஆள் குடியிருக்கும் வீட்டில்
தூண் மாற்றுகிற மாதிரி.

வெண்கலம் மலிவு. ஆனால்
காந்தம் வெண்கலத்துக்குப் பாதிச் செவிடு.
நிக்கல், சரி. பன்னிரண்டு, சரி.
மூன்றாவதும் சுற்றியதாக இருக்கட்டும்.
எந்தச் சுற்று?
உருண்டைச் சுற்று கைமுறுக்கு,
விரல் நகர்ந்தால் கீச்சிடும்.
தட்டைச் சுற்று
அந்த ஓட்டலின் முட்டைச் சுண்ணாம்புச் சுவர்,
கன்னத்தை வைக்கலாம்.
உயரக் கூரை, ஆத்தங்குடித் தரை.
அங்கே ஒரு சுரம் விழுந்தால்
மூன்று முறை எழுந்திருக்கும்.
பளபளப்பு ஏற்கெனவே அதிகம்.
தட்டையே போதும் என்று
நாலாயிரத்து இருநூறு கட்டினேன்.
உமையாளிடம் ஆயிரத்து இருநூறு என்றேன்.

சனிக்கிழமை
எண்ணெய்க் கல்லில் தோசைபோல
கார்டுகள் கழன்று வந்தன.
சத்தமே இல்லை.
மேலாளர் சாத்தப்பன் தூரத்திலிருந்து
கட்டைவிரல் காட்டினார்.
ரோஸ்லின்தான்
இரண்டாம் பாட்டில் நுழையவே இல்லை.
நாலு கட்டம் சுற்றி வந்தேன்.
மறுபடி நாலு.
அப்புறம் வந்தாள், தாமதமாக,
யாரையோ மன்னிப்புக் கேட்கிற குரலில்.

மேசை துடைக்கிற நேரத்தில் கேட்டாள்:
"அந்தக் கீச்சு எங்கே?"
என்ன கீச்சு?
"நீ மேலேயிருந்து கீழே இறங்கும்போது வருமே.
அதைக் கேட்டுத்தானே மூச்சு எடுப்பேன்.
எட்டு வருஷமா."

எட்டு வருஷமாக
நான் கூசிக்கொண்டிருந்த சத்தம்.
போனில் பதிவைப் போட்டுக் கேட்கும்போதெல்லாம்
பல்லைக் கடித்த இடம்.

ஞாயிறு, டப்பாவைத் திறந்து
பழைய நாலாவதை மட்டும் எடுத்தேன்.
பழுப்பு. ஒரு முனையில் பச்சை.
பச்சைக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்,
சூத்திரமே எழுதுவேன்.
துணியால் துடைத்தேன், முழுசாக அல்ல.
வெறுங்கம்பி இரண்டு, தட்டை மூன்று, உருண்டை ஒன்று.
எந்தப் பாக்கெட்டிலும் இப்படி வராது.
இழுவிசை ஒத்துப்போகவில்லை,
ஒலி அது மட்டும் கொஞ்சம்
வரிசையை விட்டு முன்னால் நிற்கிறது.
மேலிருந்து கீழே இறங்கிப் பார்த்தேன்.
கீச்.

உள்ளே இருந்து உமையாள்:
"ஆயிரத்து இருநூறு ரூபாய்க் கம்பியா இது?"