அலகு

துறைமுக ஓரம் பனிக்கட்டி பிடித்த வாரம்,
துலூத்தின் வாத்துகளெல்லாம்
தெற்கே போய் முடிந்த பிறகு
தெற்கிலிருந்து ஒரு வாத்து வந்தது,
சரக்கு விமானத்தில்.

அட்டைக்குள் தெர்மோகோல், அதற்குள் பிளாஸ்டிக்,
அதற்குள் ஸ்பானியச் செய்தித்தாள்,
அதற்குள் உப்பும் வெண்காரமும்
தின்று மீந்த தோல்.

ஐந்து மாதம் மயாமியில் கிடந்ததாம்.
முத்திரை மங்கல் என்றார் ஓர் அதிகாரி.
இறைச்சி ஒட்டியிருக்கிறதா என்றார் இன்னொருவர்.
இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.
மூளை இல்லை. நாக்கு இல்லை. கண் இல்லை.
மதிப்பு என்ற கட்டத்தில்
டெல்பர்ட் பூஜ்யம் போட்டிருந்தார்,
காப்பீட்டுத் தாளில் தொள்ளாயிரம் டாலர்.
அலகு என்றும் ஒரு கட்டம்.
எண்ணிக்கையா எடையா என்றுதான் கேட்கிறார்கள்.
நான் அலகைப் பார்த்தேன்.

பழுப்பு.
மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த
செருப்பு வாரின் பழுப்பு.
ரோஜா அலகு வாத்து என்று பெயர் மட்டும்
எல்லாத் தாளிலும் சரியாக இருந்தது.

பூச்சி சாகட்டும் என்று உறைபெட்டியில் வைத்தேன்.
கண்ணாடிக் கண்கள் என்னிடம் உண்டு,
முட்டை அட்டையில் குழிக்கு ஒரு ஜோடி.
பஞ்சு உண்டு, கம்பி உண்டு.
நிறம்தான் இல்லை.

டெல்பர்ட் அனுப்பிய படத்தில் பொழுது சாய்கிறது.
சதுப்பில் மண்டியிட்டிருக்கிறார்.
கன்னம் சிவப்பு, துப்பாக்கிக் குழல் சிவப்பு,
தண்ணீர், சேறு, பல் எல்லாம் சிவப்பு.
இதில் சூரியன் ஊற்றியது எவ்வளவு,
வாத்து சொந்தமாக வைத்திருந்தது எவ்வளவு?

தொலைபேசியில் கேட்டேன்.
'சிவப்புதான், நல்ல சிவப்பு' என்றார்.
பிறகு தூரத்தைச் சொன்னார், நாற்பத்தொரு கஜம்.
காற்று எந்தப் பக்கம், அன்று மதியம் என்ன சாப்பாடு,
எல்லாம் நினைவிருந்தது.

சாந்தா ஃபேயில் வழிகாட்டிக்கு எழுதினேன்.
எவாரிஸ்டோ கேட்டான்:
'அன்று நூற்றுப் பதினெட்டு விழுந்தன.
உங்களுடையது எது?'
பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.
'ஏதாவது ஒன்று. உயிரோடிருப்பது.'

இரண்டு நிமிடக் காணொளி வந்தது.
விடிகாலை, கோரை, கலங்கிய நீர்.
கறுத்த ஆண் ஒன்று தலை தூக்கியது.
சிவப்பில்லை.
சப்பிவிட்டு எடுத்துப் பார்க்கும் மிட்டாயின் நிறம்,
அடியில் புடைப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் கனிந்து.
தலை திருப்பினால் நிறம் போகிறது,
திரும்பினால் வருகிறது.
ஈரத்தை எந்தக் குப்பியில் விற்கிறார்கள்?

அது ஒருமுறை கத்தியது, கரகரப்பாக.
தூங்கிக் கிடந்த ஹக் எழுந்தான்.
கைபேசியைப் பார்க்கவில்லை.
நேரே உறைபெட்டிக்குப் போய்க்
கதவைப் பிறாண்டினான்.

ஒன்பது பூச்சு. ஒவ்வொன்றும் மூச்சுக்காற்றுபோல்.
ஏழாவதில் ஒரு கணம் கிடைத்தது,
எட்டாவதில் போனது,
ஒன்பதாவதில் பாதி திரும்பியது.
அதோடு நிறுத்தினேன்.

டெல்பர்ட் வந்தார்.
சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
கைபேசிப் படத்தை அலகருகே பிடித்தார்.
'இது வெளுப்பா இருக்கே, லோர்னா.'
உயிரோடு இப்படித்தான் இருக்கும் என்றேன்.
'நான் பார்த்தது அப்படியில்லை' என்றார்.
அதுவும் உண்மைதான்.

அவர் காபி குடித்து முடிப்பதற்குள்
பத்தாவதாக அந்தியைப் பூசினேன்.
முகம் மலர்ந்தார்.
அந்திக்கும் சேர்த்துக் காசோலை எழுதினார்,
முன் இருக்கையில் வாத்தை உட்காரவைத்துப்
பட்டி மாட்டிவிட்டுப் போனார்.

அடியில் அந்தக் காலை அப்படியே இருக்கிறது.
நகத்தால் சுரண்டினால் தெரியும்.
யாரும் சுரண்டப் போவதில்லை.

ஹக் இப்போதும் உறைபெட்டியருகேதான் படுக்கிறான்.
மீன்தான் இருக்கிறது அதில்.
சொல்லிப் பார்த்துவிட்டேன்.