கணக்கில் வராத அயிரை

பரமக்குடிச் சந்தையில் கால் கிலோ அயிரை.
உயிரோடு, தண்ணீரோடு, பையின் வாயை ரப்பர்பேண்டால் முறுக்கி
பாம்பன் வரை மடியில் வைத்தே வந்தேன்.
மண்ணைக் கக்கட்டும் என்று பால் ஊற்றி
பிறகு கல்லுப்பை அள்ளிப் போட்டதும்
சட்டி கொதிப்பது மாதிரி ஒரு துள்ளல்.
சிங்கில் விழுந்தவை ஒன்பது.
துள்ளித் தப்பியதைத் திரும்பச் சட்டியில் போட
கை வரவில்லை.

இன்னாசி சிரித்தான்.
"கடல்ல பொழைக்கிறவன் வீட்டுல
கம்மாய் மீனுக்குத் தொட்டியா?"
சிரித்துக்கொண்டே போய் மண்டபத்திலிருந்து
பைக்கின் பின்னால் கட்டிக் கொண்டுவந்தான்,
இரண்டடித் தொட்டி, ஒரு மூலையில் எம்சீல்.

போர் தண்ணீர் ஆகாது,
இங்கே தரைக்கு அடியிலும் கடல்தான்.
நாங்கள் குடிக்கும் கேனில் வாரம் ஒன்று அவற்றுக்கு.
மணல் ஜெனோவா வீட்டுக் கட்டுமானத்தில் கேட்டு வாங்கிய ஆற்றுமணல்,
கலங்கல் போகப் பன்னிரண்டு தண்ணி.

முதல் வாரம் ஒன்பது.
செவ்வாய் ஆறு.
கரண்ட் போன ராத்திரிக்குப் பிறகு நாலு.
அப்புறம் மணல்.
மோட்டார் தனியே முனகிக்கொண்டிருந்தது.

என் பிழைப்பே எண்ணுவதுதான்.
ஜெட்டியில் டோக்கன் எழுதுகிறேன்,
போன போட்டு, வந்த போட்டு.
வராத எண்ணுக்கு எதிரே பேனா வைக்கக் கூடாது,
கட்டத்தை வெறுமனே விட வேண்டும்.
ஒரு கச்சான் மாதத்தில் நாலு நாள் வெறுமனே கிடந்த கட்டம்
இன்னாசி போன போட்டு.
அதை வீட்டில் நாங்கள் பேசுவதில்லை.

பீரோவுக்குப் பின்னால், இன்வெர்ட்டருக்கு அடியில்
துடைப்பத்தை விட்டு இழுத்தேன்.
ஒன்று வந்தது.
காய்ந்த முருங்கைக் காம்பு மாதிரி.
எறும்புகூட வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது.

"பூனை," என்றான் இன்னாசி.
"ஒண்ணை ஒண்ணு தின்னிருக்கும்," என்றாள் ஜெனோவா,
அயிரைக்கு அவ்வளவு பெரிய வாய் இருப்பதைப் போல.
வலை வீசுகிறவன்
தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, தலைகீழாகச் செருகி,
வெள்ளரித் துண்டு வைத்துப் பொறி செய்தான்.
விடிந்து பார்த்தால்
ஒரு நத்தை. நாங்கள் வாங்காத நத்தை.

அவன் கடலுக்குப் போன ராத்திரி
டார்ச்சின் முகத்தில் சிவப்புப் பாவாடைத் துணியைக் கட்டி
தரையில் உட்கார்ந்தேன்.
பாலத்தில் ரயில் போனது. தொட்டித் தண்ணீர் லேசாக நடுங்கியது.
ரெண்டு மணி இருக்கும்,
மணலுக்குக் கண் முளைத்தது.
கண்ணுக்குக் கீழே மீசை.
மூச்சு விட்டேன், மறுபடி மணல்.

ஃபில்டர் மூடியைத் திறக்க அப்போதுதான் தோன்றியது.
பஞ்சுக்கு அடியில், சேற்று இருட்டில்,
ஒன்றின் மேல் ஒன்றாக,
வாங்கியபோது இருந்ததைவிடக் கொழுத்து
சம்சாரம் நடத்திக்கொண்டிருந்தன.
கிண்ணத்தில் ஊற்றி எண்ணினேன். ஏழு.
மணலில் மூன்று. காய்ந்தது ஒன்று.
பதினொன்று.
திரும்ப எண்ணினேன், நெளிந்தன,
திரும்ப எண்ணினேன்.

சிங்கில் அன்றைக்கு வெங்காயத் தோல் கிடந்தது,
குழம்பு தாளிக்கிற அவசரம்.
ஒன்பது என்று யார் சொன்னது?
நான்தான்.

சொல்ல வேண்டும் போல் இருந்தது.
அவன் இருக்கும் இடத்தில் டவர் கிடையாது.
ஜன்னலுக்கு வெளியே காற்று திசை மாறியதா
என்று ஒருதரம் காது கொடுத்துவிட்டு
கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்தேன்.
கவிழ்த்த மறு நிமிடம்
ஒன்றுகூடக் கண்ணில் இல்லை.

காலையில் ஈரக் காலோடு வாசலில் நின்று
"எத்தனை கெடச்சுது?" என்றான்.
"எல்லாம்."
"எல்லாம்னா?"
"அந்தக் கேனைத் தூக்கு முதல்ல," என்றேன்,
"தண்ணி குறைஞ்சிருக்கு."